ஊதுகிறவனும் ஊதக் கற்றுக்கொடுக்கிறவனும்



வருகிற திருநாளுக்குப் பாண்டு எங்கிருந்து அழைப்பது என்ற பேச்சு இப்போதே கிளம்பிவிட்டது. பட்டணத்திலிருந்து அழைத்தால் இவ்வளவு, பொன்னேரிப் பக்கமிருந்து அழைத்தால் அவ்வளவு என்று கணக்குப் போடுகிறீர்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கோவில் அலமாரிக்குள் இரண்டு டிரம்பெட்டும், ஒரு கார்னெட்டும், தோல் தளர்ந்த ஒரு பெரிய டிரம்மும் துணி சுற்றிக் கிடக்கின்றன என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சென்ற வருஷம் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் ஏழு பேர். முதல் மாதம் முடிவதற்குள் நால்வர் நின்றுவிட்டார்கள். மழைக்குப் பின் முகத்துவாரம் திறந்து ஏரிக்குள் இறால் ஏறியபோது ஒருவன் நின்றான். இப்போது இருப்பது இருவர். அவர்களில் ஒருவனுடைய தகப்பனாரும் போன வாரம் என்னிடம் வந்து, "சாமி, இந்த ஊதலினால் என் பிள்ளைக்குச் சோறு வருமா?" என்று கேட்டுப் போயிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு வார்த்தையில் மறுமொழி சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லாததால் இந்த வாரப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நமது பழைய பாண்டு மாஸ்டரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுபது வயதைத் தாண்டிவிட்ட அவருக்கு முன்பற்கள் ஆடத் தொடங்கியிருக்கின்றன. டிரம்பெட்டு ஊதுகிறவனுக்கு முன்பல் என்பது வள்ளத்துக்கு அடிப்பலகை போல. அது போனால் எல்லாம் போயிற்று. இன்னும் இரண்டு மூன்று வருஷம் அவர் ஊதிக்காட்டிக் கற்றுக்கொடுக்கலாம். அதற்குப் பிறகு வாயினால் சொல்லலாமே தவிர, ஊதிக்காட்ட முடியாது. ஐம்பது வருஷமாக அவர் சேர்த்துவைத்த வித்தையை யார் கையில் வாங்கிக்கொள்ளப் போகிறோம்? பாண்டுக்கு ஆகும் செலவைவிட இதுவே எனக்குப் பெரிய விசாரமாயிருக்கிறது.

வேதாகமத்தில் எக்காளத்துக்கு இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் சர்வேசுரன் மோயீசனுக்கு இரண்டு வெள்ளி எக்காளங்களைச் செய்யும்படி கட்டளையிடுகிறார். வார்த்து எடுத்தவையல்ல, அடித்து உருவாக்கியவை. ஒன்றை மாத்திரம் ஊதினால் தலைவர்கள் கூடவேண்டும்; இரண்டையும் ஊதினால் சபை முழுவதும் கூடவேண்டும்; வேறு விதமாக ஊதினால் பாளயம் பெயர்ந்து புறப்படவேண்டும். ஊதும் வேலை ஆரோனின் குமாரருக்கு, அதாவது குருக்களுக்கு. ஆகவே ஊதுகிறவன் தப்பாய் ஊதினால் ஒரு ஜனமே தப்பான வேளையில் கூடாரத்தைப் பிரித்துவிடும்! அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதும்போது இதையே உவமையாக எடுத்துக்கொள்ளுகிறார்: எக்காளத்தின் சத்தம் தெளிவாயில்லாவிட்டால் எந்தப் போர்வீரன் ஆயத்தமாவான் என்பது அவருடைய நியாயம். சத்தம் பெரிதா சிறிதா என்று அவர் பார்க்கவில்லை, தெளிவாயிருக்கிறதா என்றே பார்க்கிறார். நமது ஊர்ப் பாண்டுகளைக் கேட்டிருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாய்ப் புரியும்.

சரி, இந்த டிரம்பெட்டுதான் என்ன? அதை அறியாமல் அதன் பிரயாசையை மதிக்க முடியாது.

அது ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாய்; கைக்கடக்கமாக மடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாதஸ்வரத்தில் சீவாளி இருக்கிறது. சீவாளி அதிர்ந்து ஓசை பிறக்கிறது. டிரம்பெட்டில் சீவாளியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஊதுகிறவனுடைய உதடுகளே சீவாளி. உங்களில் சங்கு ஊதத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சங்கு, கொம்பு, கோவில் எக்காளம், மேல்நாட்டு டிரம்பெட்டு எல்லாம் ஒரே குடும்பம். வெறுமனே காற்றை உள்ளே விட்டால் புஸ்ஸென்று போகும். உதட்டை இறுக்கி, அதிரவிட்டு ஊதினால்தான் குழாய் பேசும்.

அதன் மேலே மூன்று வால்வுகள் இருக்கின்றன. நடு வால்வை அழுத்தினால் சுரம் அரைப்படி இறங்கும், முதல் வால்வை அழுத்தினால் ஒரு படி, மூன்றாவதை அழுத்தினால் ஒன்றரைப் படி. வெவ்வேறாகச் சேர்த்து அழுத்தினாலும் குழாய்க்கு ஏழே நீளங்கள்தான் கிடைக்கும். மீதியெல்லாம் உதடு. ஒரு வால்வையும் தொடாமல் உதட்டின் இறுக்கத்தை மாற்றியே ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப என்று ஏறிப்போகலாம். 1818-ல் ஜெர்மனியில் ஸ்டோல்ட்சல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்கு உரிமை வாங்கும் வரையில், பட்டாளத்து ஊதுகொம்புகளெல்லாம் பெரும்பாலும் இந்தச் சில சுரங்களைக் கொண்டே காலந்தள்ளின. விரல் மூன்றுதானே, ஆர்மோனியத்தைவிடச் சுளுவாயிருக்குமே என்று நினைத்து வருகிற பையன் இங்கேதான் ஏமாந்து போகிறான். ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் சுரம் வந்து நிற்கும். டிரம்பெட்டிலோ சுரத்தை ஒவ்வொரு முறையும் உதட்டினால் தேடிப் பிடிக்கவேண்டும். கலங்கல் தண்ணீருக்குள் கையை விட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கைக்குத் தெரியவைப்பதற்கு அவர்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

இதனால்தான் குரு வேண்டியிருக்கிறது. "கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே சாமி, பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே" என்று ஒரு பையன் சொன்னான். பார்க்கலாம், தடையில்லை, நல்ல வித்துவான்கள் வாசிப்பதைக் கேட்கவும் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் கைப்பேசியை நீ பார்க்கிறாயே தவிர கைப்பேசி உன்னைப் பார்க்கிறதில்லை. உன் கன்னம் பலூன் போல உப்புவதையும், மேல் சுரம் எட்டாதபோது வாய்க்குமிழை உதட்டின்மேல் வைத்து நசுக்குவதையும், மார்பின் மேற்பாதியினால் மாத்திரம் மூச்சு வாங்குவதையும் அது கண்டு சொல்லாது. நாளுக்கு நூறு முறை தப்பாய் ஊதுகிறவன் தப்பை நூறு மடங்கு பலப்படுத்திக்கொள்ளுகிறான். ஆறு மாதம் கழித்து அதை மாற்ற வருகிற ஆசிரியருக்கு, புதிதாய்க் கற்றுக்கொடுப்பதைப் பார்க்கிலும் இரட்டிப்பு வேலை.

வாய்க்குமிழை உதட்டில் நசுக்குவது அற்பக் காரியமென்று எண்ண வேண்டாம். உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கே 1930-களில் உதடு வெடித்து, மாதக்கணக்கில் ஊதாமல் ஓய்ந்திருக்க நேரிட்டது. அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் மோரிஸ் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர். இவரை நமது தகப்பன்மார் அறியவேண்டுமென்று விரும்புகிறேன். 1933-ல் பிரான்சின் தென்பாகத்தில் ஆலே என்ற ஊருக்கருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தார். தகப்பனாரும் ஓய்வு வேளையில் டிரம்பெட்டு ஊதுகிறவர். பையன் பதினான்கு வயதிலேயே தகப்பனாரோடு சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யத் தொடங்கினான். படகில் ஏறும் நமது பிள்ளைகளின் வயதுதான். தகப்பனார் அவனைத் தமது நண்பரான பார்த்தெலெமி என்பவரிடம் கொண்டுபோய் விட்டார். அவர் பெரிய பெயர் பெற்றவரல்ல; ஆனால் நல்ல பரம்பரையில் பாடங்கேட்டவர். பகலில் கரி, மற்ற வேளையில் டிரம்பெட்டு. இப்படி நாலு வருஷம்.

பிறகு பார்த்தெலெமி ஒரு காரியம் செய்தார். இந்தப் பையன் பாரிஸ் சங்கீதக் கல்லூரிக்குப் போகவேண்டியவன் என்று தகப்பனாரிடம் சொன்னார். தன்னிடமிருப்பது தீர்ந்தது, இனி மேலான இடத்துக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லுகிற ஆசிரியர் எத்தனை பேர்? கல்லூரிச் சம்பளத்துக்குச் சுரங்கக் குடும்பத்தில் பணமில்லை. பட்டாளப் பாண்டில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளமில்லாமல் கல்லூரியில் இடமுண்டு என்பதை அறிந்து ஆந்த்ரே பட்டாளத்தில் சேர்ந்தார். அந்த வழியாய்க் கல்லூரிக்குள் போனார்.

அங்கே ஆசிரியர் ரெமோன் சபரிஷ். கண்டிப்பானவர். ஆந்த்ரே போதுமான அப்பியாசமில்லாமல் வந்து ஊதியதைக் கேட்டு, ஒழுங்காய் ஊத முடியும்போது திரும்பி வா என்று வெளியே அனுப்பிவிட்டார். சுரங்கத்திலிருந்து வந்த பையன், பட்டாள உடுப்போடு, தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு முன்பாக அவமானப்பட்டு வெளியே நிற்கிறான். நம்மில் அநேகர் அன்றே மூட்டையைக் கட்டியிருப்போம். ஆசிரியருக்கு நம்மேல் வன்மம் என்று ஊரெல்லாம் சொல்லியுமிருப்போம். ஆந்த்ரே சில வாரங்கள் கழித்துத் திரும்பிவந்தார். ஆர்பான் எழுதிய புத்தகத்தின் கடைசியிலிருக்கும் மகா கடினமான பதினான்கு பாடங்களையும் பிழையில்லாமல் ஊதிக்காட்டினார். அந்தப் புத்தகம் 1864-ல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் டிரம்பெட்டு கற்கிறவர்கள் அதை விடுவதில்லை. மாஸ்டர் வீட்டிலும் மூலை மடங்கிப் பழுத்துப்போன ஒரு பிரதி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

1955-ல் ஜெனீவாவிலும் 1963-ல் மியூனிக்கிலும் நடந்த சர்வதேசப் போட்டிகளில் முதற்பரிசு இவருக்கு. 1967 முதல் அதே பாரிஸ் கல்லூரியில், தன்னை வெளியே அனுப்பிய சபரிஷ் வகித்த அதே ஆசிரியர் ஸ்தானத்தில், பத்து வருஷத்துக்கு மேல் கற்பித்தார். 2012-ல் காலமானார்.

கவனியுங்கள்: சபரிஷ் அவரை வெளியே அனுப்பியது வெறுப்பினால் அல்ல. இந்தப் பையனிடம் இன்னும் இருக்கிறது, வெளியே வரவில்லை என்று காது உள்ளவர் கேட்டறிந்தார். நமது மாஸ்டர் சில வேளை அதட்டுகிறார் என்று இரண்டு தாய்மார் என்னிடம் முறையிட்டீர்கள். அவர் அதட்டுவதை நானும் கேட்டிருக்கிறேன். இரண்டு வருஷமாக ஒருவரையும் அதட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் எப்படியிருந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதட்டுகிறவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அந்நிய தேசத்துக் கதை வேண்டாமென்றால் நமது ஏரியின் வடகரைக்கு அப்பால் போவோம். ஏரியின் பெரும்பாகம் ஆந்திரத்தைச் சேர்ந்ததுதானே. அங்கே ஓங்கோலுக்கு அருகில் கரவதி என்ற ஊரில் 1924-ல் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. முகமதியர், பரம்பரையாகக் கோவில்களில் நாதஸ்வரம் வாசித்த குடும்பம். அந்தப் பக்கத்தில் அவர் ஏற்கெனவே பெயர் வாங்கிய வித்துவான். ஆனாலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவர் காதில் விழுந்து மனதைப் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர்ப் பாணியைக் கற்கவேண்டுமென்று இந்தப் பக்கம் வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சீடராய் உட்கார்ந்தார். பெயர் வாங்கியவன் மறுபடி பாயில் கீழே உட்காருவது இலேசான காரியமா? பாஷை வேறு, ஊர் வேறு, மதம் வேறு. பிற்பாடு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அநேகருக்குக் கற்றுக்கொடுத்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1998-ல் சென்னை சங்கீத வித்வத் சபை சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. மறு வருஷம் காலமானார். வருஷம் இருமுறை சன்மானம் வாங்கிவிட்டதும் இனிக் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிற நமது வாலிபர்கள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைக்கட்டும்.

பங்குக் கோவில் சங்கீதம் கற்பிக்கும் இடமாயிருக்கலாமா என்று சந்தேகிக்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கோவா. போர்த்துக்கேசியர் ஆண்ட காலத்திலேயே அங்கே பங்குப் பள்ளிக்கூடங்களில் சுரம் படிக்கவும் வயலின் முதலிய வாத்தியங்கள் வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிப் பம்பாய்க்குப் போனார்கள். இந்திப் படங்களின் வாத்தியக் குழுக்களில் நெடுங்காலம் பெரும்பங்கு அவர்களே. அவர்களில் ஒருவர், அல்டோனா கிராமத்தில் 1916-ல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ். "சிக் சாக்லெட்" என்று பெயர் வைத்துக்கொண்டு டிரம்பெட்டில் பம்பாயையே ஆண்டார். 1951-ல் வந்த "அல்பேலா" படத்தில் தமது குழுவோடு திரையிலும் தோன்றினார். அவர் காது கொடுத்துக் கேட்டு ஆசிரியராய்க் கொண்டது, நான் முன்பு பெயர் சொன்ன அந்த ஆம்ஸ்ட்ராங்கையே.

ஆம்ஸ்ட்ராங்கின் கதையில் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது ஆம்ஸ்ட்ராங் அல்ல, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1901-ல், மிகவும் ஏழ்மையான, கெட்ட பெயருள்ள தெருவிலே பிறந்த கறுப்பினச் சிறுவன். 1912-ம் வருஷக் கடைசி இரவில் வீதியிலே துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிபட்டு, மறுநாள் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பப்பட்டான். வயது பதினொன்று. அந்த விடுதியின் பாண்டுக்கு ஆசிரியர் பீட்டர் டேவிஸ். கெட்ட தெருவிலிருந்து வந்தவனென்று அவர் முதலில் பையனை நம்பவில்லை. கஞ்சிரா போன்ற தம்பூரினைக் கொடுத்தார், பிறகு டிரம், பிறகு ஊதுகொம்பு. ஊதுகொம்பு கையில் வந்ததும் பையன் செய்த முதல் வேலை அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியது. அதற்குப் பிறகே கார்னெட்டு கொடுத்துக் கற்பித்தார். கடைசியில் அந்தப் பாண்டுக்கு அவனே தலைவனானான். டேவிஸ் தமது முதல் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்? நம்மிலும் "அந்த வீட்டுப் பிள்ளையா, அவனா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம்.

விடுதியை விட்டு வந்தபின் அவனைத் தம் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டவர் ஜோ ஆலிவர். அந்நகரத்தில் கார்னெட்டு ஊதுவதில் ராஜா என்று பெயர் பெற்றவர். பையன் ஆலிவரின் மனைவிக்குக் கடைக்குப் போய் வருவான், எடுபிடி வேலை செய்வான். கூலியாக ஆலிவர் பாடம் சொல்லிக்கொடுப்பார். தமது பழைய கார்னெட்டையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார். 1922-ல் தாம் சிக்காகோவில் பெரிய குழு நடத்தும்போது அவனை அங்கே அழைத்துத் தமக்குப் பக்கத்தில் இரண்டாவது கார்னெட்டாக நிறுத்திக்கொண்டார். தம்மைவிட நன்றாய் ஊதக்கூடியவன் என்று தெரிந்தே நிறுத்திக்கொண்டார் என்று நான் நம்புகிறேன். அவ்வளவு நல்ல காதுள்ளவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

பின்பு சீடன் உலகமெங்கும் போனான். ஆசிரியருக்கோ ஈறு கெட்டு, பற்கள் போய், ஊத முடியாமற் போயிற்று. சவானா என்ற ஊரில் கையில் காசில்லாமல், சில்லறை வேலை செய்து பிழைத்து, 1938-ல் இறந்தார். அவரை அந்த நிலையில் அங்கே சந்தித்துக் கையிலிருந்ததைக் கொடுத்ததாக ஆம்ஸ்ட்ராங்கே பின்னால் சொல்லியிருக்கிறார். 1971-ல் சாகும் வரை ஆலிவரை "பாப்பா ஜோ" என்றே சொல்லிவந்தார்.

இதைப் படிக்கிறபோது நமது மாஸ்டரின் ஆடும் பற்கள் என் கண்முன் வருகின்றன. அவர் பணம் கேட்கவில்லை. பாடத்துக்கு ஒரு காசும் வாங்கியதில்லை. முன்பு சொன்ன பெரிய விசாரம் ஒருபுறமிருக்க, வரும் பனிக்காலத்தில் அவர் வீட்டுக்கூரை ஒழுகாமலிருக்கவேண்டும் என்ற சின்ன விசாரமும் நமக்கிருக்கட்டும். பாட்டு முறையிலே சீட்டுப் போட்டு ஏரியின் பாடுகளை இன்னின்ன நாள் இன்னின்னாருக்கு என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளத் தெரிந்த உங்களுக்கு, ஒரு கூரையைப் பிரித்து வேய முறை வைத்துக்கொள்ள நான் சொல்லித்தரவேண்டுமா?

இப்போது அந்தத் தகப்பனாருக்கு வருகிறேன். ஐயா, ஊதலினால் சோறு வருமா என்றீர்கள். உண்மையைச் சொல்லுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு வராது. திருநாளும் கலியாணமும் கொண்டு வருஷம் முழுவதும் குடும்பம் நடத்த முடியாது. தரைப்படையிலும் கடற்படையிலும் போலீசிலும் பாண்டு வாத்தியக்காரருக்கென்று இடங்கள் இருக்கின்றன. அதற்கு நன்றாய் ஊதவும், நொட்டேஷன் பார்த்தவுடன் வாசிக்கவும் தெரியவேண்டும், பள்ளிப் படிப்பும் வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் படிப்படியான பரீட்சைகளைச் சென்னையிலேயே எழுதலாம், டிரம்பெட்டுக்கும் உண்டு. வழி இருக்கிறது. ஆனால் உமது மகன் அந்த வழியாகப் போவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வாக்குக் கொடுக்கிறவனை நீரும் நம்பவேண்டாம். நான் கேட்பது அவனுடைய வேலை நாளை அல்ல, தினம் ஒரு மணி நேரத்தை. வலையை அவன் விடவேண்டாம். ஆந்த்ரே கரியை விட்டுவிட்டா கற்றார்? பொழுது சாய்ந்தபின் பாலத்தின்மேல் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிற அந்த ஒரு மணி நேரத்தை எனக்குத் தாரும்.

அந்த ஒரு மணியையும் முழுவதும் ஊதுவதற்கு வேண்டியதில்லை. உதடு என்பது தசை. பத்து நிமிஷம் ஊதினால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஓயவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாய் மூன்று மணி நேரம் ஊதி உதட்டைப் புண்ணாக்குகிறவனைவிட, தினம் இருபது நிமிஷம் ஒழுங்காய் ஊதுகிறவன் முன்னேறுவான். முதல் மாதங்களில் பாட்டே கிடையாது. ஒரே சுரத்தை மூச்சு உள்ளவரைக்கும் நடுங்காமல் நீட்டவேண்டும். அது முடிந்தால் அடுத்த சுரம். கேட்கிறவர்களுக்குச் சலிப்பு, ஊதுகிறவனுக்கு அதைவிடச் சலிப்பு. சென்ற வருஷம் நின்றுபோன நால்வரும் இங்கேதான் நின்றார்கள். முதல் வாரத்திலேயே மாதா பாட்டு வாசிக்கலாமென்று வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பையன் ஊதும்போது எருமை கத்துகிறது என்று தெருவில் நின்று கேலி பண்ணாதீர்கள். எல்லாரும் முதலில் எருமைதான்.

இன்னுமொன்று. சில ஊர்களில் பாண்டுக்காரனுக்குச் சன்மானத்தோடு சாராயமும் கொடுப்பது வழக்கமாயிருக்கிறது. கலியாண வீட்டார் தாராள மனதைக் காட்டுகிறார்களாம்! பதினாறு வயதுப் பையனுக்கு அதை நீட்டுகிறவன் யாராயிருந்தாலும், அவன் எவ்வளவு நன்கொடை கொடுத்தவனாயிருந்தாலும், நம் பாண்டு அவன் வாசலில் ஊதாது. இதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

வாத்தியங்களைப் பற்றி மாஸ்டர் சொல்லச் சொன்னவை: நம் காற்றில் உப்பு இருக்கிறது. பித்தளைக்கு அது எமன். ஊதி முடித்ததும் உள்ளே தேங்கிய நீரை வெளியேற்றி, மெல்லிய பருத்தித் துணியினால் துடைத்துப் பெட்டியில் வைக்கவேண்டும். வாரம் ஒருமுறை வாய்க்குமிழையும், மாதம் ஒருமுறை குழாயையும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசவேண்டும். ஏரித் தண்ணீரில் அல்ல, ஒருவன் அப்படியும் செய்திருக்கிறான். வால்வுகளுக்கு அதற்கென்று விற்கிற எண்ணெயே. தேங்காயெண்ணெய் விட்டால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பச்சைக் களிம்பு கண்டால் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் அவரிடம் கொண்டுவரவேண்டும்.

திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் மாலைத் திரிகால மணிக்குப் பிறகு கோவில் பின்புறக் கொட்டகையில் பாடம் நடக்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம். பெண்பிள்ளைகளும் வரலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். உதடும் மூச்சும் அவர்களுக்கும் சர்வேசுரன் கொடுத்தவைதானே, தாராளமாய் வரலாம். இருக்கிற வாத்தியம் மூன்றே. முறை வைத்து ஊதவேண்டும், முறை வராதவர்கள் உட்கார்ந்து கேட்கவேண்டும். துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொண்டுவரவும். உப்புக் கருவாடு தின்ற வாயைக் கழுவிவிட்டு வரவும்.